மாறாத இருமலும் மறந்துபோன புரைக்கேறலும்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவருக்குப் புரைக்கேறினால், உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி "ஆரோ நினைக்கினம்" என்று சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கம். வன்னியில் இந்த வார்த்தைக்கு இன்னொரு கனமும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்குப் புரைக்கேறினால், நினைப்பது யார் என்று அருகில் இருப்பவர்கள் கேட்பதில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டால் அத்தோடு விடயம் முடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் அது உண்மையிலேயே முடிந்துவிடுகிறது. முடியாமல் போகும் சில சந்தர்ப்பங்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை. ஒரு பாக்குத் துண்டு, ஒரு எலும்புச் சில்லு, உடைந்த ஒரு பல் அல்லது ஒரு குண்டூசி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, அங்கேயே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. சிறு பிள்ளைகளில்தான் இது அதிகம் நடக்கிறது என்பதால் பெற்றோர் ஓரளவு விழிப்பாக இருக்கின்றனர். பெரியவர்களுக்கும் இது நடக்கும் என்பது எமது மக்கள் மத்தியில் பேசப்படுவது குறைவு.

நான் செட்டிகுளத்தைச் சேர்ந்தவன். 2009 இல் மெனிக் பாம் முகாம் அமைக்கப்பட்டது எங்கள் பிரதேசத்தில்தான். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கே தறப்பாள் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் அடைபட்டிருந்தனர். 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. புழுதியும் விறகடுப்புப் புகையுமாக இருந்த அந்த நாட்களில் இருமாத மனிதரைக் காண்பது அரிது. அதனால் இன்றுவரை ஒருவருக்கு இருமல் மாறவில்லை என்றால் எங்கள் ஊரில் விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. "அது காம்பில பிடிச்ச இருமல்." "செல்லடிப் புகை குடிச்ச நெஞ்சு." "நெஞ்சுக்குள்ள பீஸ் கிடக்கு, அதுதான்." இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த விளக்கங்களுக்குப் பின்னால், எடுத்து வீசிவிடக்கூடிய ஒரு சிறு பொருள் ஒளிந்திருக்கவும் இடமுண்டு.

பாதை மாறும் கணம்

தொண்டையில் இரண்டு வழிகள் பிரிகின்றன. பின்னால் இருப்பது உணவுக்குழாய். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி சாய்ந்து, குரல்நாண்கள் இறுகி, மூச்சு வழி ஒரு கணம் அடைபடுகிறது. விழுங்கி முடிந்ததும் மீண்டும் திறக்கிறது. சிரிக்கும்போதும் கதைக்கும்போதும் திடீரென்று மூச்சை உள்ளே இழுக்கும்போதும் அந்த வழி திறந்திருக்கும். அந்த நேரத்தில் வாயில் கிடப்பது காற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடலாம். உடனே இருமல் வெடித்துக் கிளம்பி அதை வெளியே தள்ளப் பார்க்கும். அந்த இருமலைத்தான் நாம் புரைக்கேறல் என்கிறோம்.

இருமலுக்குத் தப்பிய பொருள் மூச்சுக்குழாயின் அடியில் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வருகிறது. வலது நுரையீரலுக்குச் செல்லும் கிளை இடதை விட அகலமானது. அது நேர்கீழாகவும் இறங்குகிறது. அதனால் நின்றபடியோ இருந்தபடியோ இருக்கும் ஒருவருக்கு உள்ளே போன பொருள் பெரும்பாலும் வலது பக்கத்திலேயே, அதுவும் கீழ்ப்பகுதிக் கிளைகளிலேயே போய்ச் செருகிக்கொள்கிறது.

வளர்ந்த ஒருவரின் மூச்சுக்குழாய் பிள்ளையினுடையதை விடப் பெரியது. சிறிய பொருள் அதை முழுதாக அடைப்பதில்லை. கீழே ஒரு கிளையை மட்டும் அடைக்கிறது. மற்றப் பகுதிகளால் மூச்சு ஓடுகிறது. ஐந்து, பத்து நிமிடம் இருமி, கண் சிவந்து, பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த அமைதியைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். சில நாட்களுக்கோ பல மாதங்களுக்கோ பிறகு இருமல் திரும்ப வரும்போது, அந்தச் சாப்பாட்டு நேரத்தையும் இந்த இருமலையும் யாரும் தொடுத்துப் பார்ப்பதில்லை.

உள்ளே போவது எது?

எங்கள் பகுதி வாழ்க்கையை நினைத்துப் பார்த்தாலே பட்டியல் வந்துவிடும். வெற்றிலை போடுபவர்கள் பாக்கைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு வயலில் வேலை செய்கின்றனர், அப்படியே அயர்ந்தும் போகின்றனர். பாக்கு மிகவும் கடினமானது. அது எளிதில் கரைவதில்லை. இந்தியாவிலும் பெரியவர்களின் மூச்சுக்குழாயிலிருந்து பாக்குத் துண்டுகளும் மிளகாய்த் துண்டுகளும் எடுக்கப்பட்ட சம்பவங்களை வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். கோழி, ஆட்டிறைச்சி எலும்புச் சில்லுகள், கச்சான், கடலை, பழ விதைகள் என்பனவும் இதில் அடங்கும்.

தகரக்கூரை வேலை செய்பவர்கள் ஆணியை உதட்டில் கவ்விக்கொள்கின்றனர். தைக்கும் பெண்களும் தலைத்துணி குத்தும் பெண்களும் குண்டூசியை அவ்வாறே வைத்துக்கொள்கின்றனர். துருக்கி, எகிப்து போன்ற நாடுகளில் தலைத்துணி ஊசியை இப்படி உள்ளிழுத்த இளம் பெண்கள் பலர் சிகிச்சைக்கு வந்துள்ளனர். வயதானவர்களில் தளர்ந்த கட்டுப்பல்லும் ஆட்டங்கண்ட பல்லும் கவனிக்கப்பட வேண்டியவை. குளிசைகளும் அப்படியே. குறிப்பாக இரும்புச்சத்துக் குளிசை மூச்சுக்குழாய்க்குள் கரைந்தால் உட்சுவரைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மீன்முள் தொண்டையில் குத்திக்கொள்வது வேறு விடயம். அது விழுங்கும்போது நோகும். குத்தும் இடத்தையும் விரலால் காட்டலாம். மூச்சுக்குழாயின் கீழ்க் கிளையில் கிடக்கும் பொருள் அப்படி நோவதில்லை. அதனால்தான் அது இவ்வளவு காலம் தப்பிவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

அடைபட்ட கிளைக்குக் கீழே சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது. நியுமோனியா வருகிறது. அன்ரிபயோட்டிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். மருந்து முடிந்து சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் வரும். சிலருக்கு நாற்றமுள்ள சளி வரும், சிலருக்குச் சளியோடு இரத்தம் வரும். சிலருக்கு ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் போன்ற சத்தம் கேட்கும். அதைத் தொய்வு என்று எண்ணி இன்ஹேலர் கொடுக்கப்படும். ஆனால் தொய்வில் இழுப்பு வழக்கமாக இரண்டு பக்கமும் கேட்கும்.

விதை, கொட்டை, எலும்பு போன்றவற்றைச் சுற்றி உடல் சதையை வளர்த்து மூடப் பார்க்கிறது. வருடங்கள் போகப் போக அது ஒரு கட்டி போலவே தோன்றும். புற்றுநோய் என்ற சந்தேகத்தில் பரிசோதித்தபோது உள்ளே பொருள் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. நீண்ட காலம் விட்டால் அந்தப் பகுதி மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து பழுதடைந்துவிடும். பிறகு பொருளை எடுத்தாலும் அந்தப் பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. காலம் முக்கியமாவது இதனால்தான்.

எக்ஸ்றே காட்டுவதும் காட்டாததும்

"படம் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்டும் இல்லை" என்ற வார்த்தையை நாம் அடிக்கடி கேட்கிறோம். எக்ஸ்றேயில் உலோகம் பளிச்சென்று தெரியும். பல் தெரியும். எலும்பு சில வேளைகளில் தெரியும். பாக்கு, விதை, மிளகாய், பிளாஸ்ரிக் என்பன பொதுவாகத் தெரிவதில்லை. அவை ஏற்படுத்திய விளைவு, அதாவது காற்று இல்லாமல் சுருங்கிய பகுதியோ தொற்றின் நிழலோதான் தெரியலாம். அதுவும் இல்லாமல் படம் முற்றிலும் சாதாரணமாகவும் இருக்கலாம். சி.ரி. ஸ்கான் இதை விட நன்றாகக் காட்டும்.

எங்கள் மக்களுக்கு இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பலரின் நெஞ்சுப் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகச் செல் துண்டுகள் ஏற்கெனவே கிடக்கின்றன. படத்தைப் பார்த்ததும் கண் அங்கேதான் போகும். "அது செல் பீஸ்" என்று நோயாளியே சொல்லிவிடுவார். கதை அத்தோடு முடிந்துவிடும். நெஞ்சுத் தசையிலோ நுரையீரலிலோ அசையாமல் கிடக்கும் துண்டு பெரும்பாலும் இருமலை உண்டாக்குவதில்லை. மிக அரிதாகவே அது நகர்ந்து மூச்சுக்குழாய்க்குள் புகும். அப்படி இருமி வெளியே துப்பிய சம்பவங்களும் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. ஆகவே பீஸ் இருக்கிறது என்பது இருமலுக்கான விடையாகிவிடாது. அது எங்கே இருக்கிறது, மூச்சுக்குழாயைத் தொடுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

என் சித்தப்பாவின் கதை இதுதான். அவருடைய வலது நெஞ்சில் 2009 இல் பட்ட ஒரு துண்டு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவருக்கு இருமல் தொடங்கி எட்டு மாதம் நின்றது. சளி சோதித்தார்கள், காசநோய் இல்லை. இன்ஹேலர் கொடுத்தார்கள், பெரிதாகப் பலனில்லை. இரண்டு தடவை காய்ச்சலோடு வாட்டில் கிடந்தார். ஒவ்வொரு படத்திலும் அந்தத் துண்டு தெரிந்தது, ஒவ்வொரு முறையும் பேச்சு அதோடு நின்றது. பிறகு ஒருநாள் வேறொரு இளம் வைத்தியர் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இருமல் தொடங்கின அண்டைக்கு என்ன செய்துகொண்டிருந்தீங்கள், ஐயா?" என்று கேட்டார்.

சித்தப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அருவி வெட்டு முடிஞ்ச அண்டைக்கு வெத்திலை போட்டுக்கொண்டு பகிடி கதைச்சுச் சிரிச்சனாங்கள், தம்பி. பாக்குப் புரைக்கேறி மூச்செடுக்க ஏலாமப் போச்சு. பிறகு சரியாப் போட்டுது."

அந்த ஒரு பதிலில்தான் அவர் சி.ரி. ஸ்கானுக்கும் அங்கிருந்து மூச்சுக்குழாயை உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்பப்பட்டார். வலது கீழ்ப்பக்கக் கிளையிலிருந்து சுண்டுவிரல் நகமளவு பாக்குத் துண்டு வெளியே வந்தது. செல் துண்டு இன்றும் அவர் நெஞ்சில் இருக்கிறது. இருமல் இல்லை.

வருடக்கணக்கில் தங்கியவை

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2021 இல் கேரளாவின் கண்ணூர் மாவட்டம் பரியாரத்திலுள்ள அரச மருத்துவக் கல்லூரியில், நாற்பது வயதான ஒரு பெண்ணின் மூச்சுக்குழாயிலிருந்து ஒரு விசில் எடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 25 வருடங்கள் உள்ளே இருந்தது. அத்தனை காலமும் அவருடைய இருமல் ஆஸ்துமாவாகவே எண்ணப்பட்டது. சிறுவயதில் விளையாடும்போது விசில் உள்ளே போன சம்பவம் அதன் பிறகுதான் அவருடைய நினைவுக்கு வந்ததாகச் செய்திகள் கூறின.

பிரித்தானியாவின் பிரெஸ்ரன் நகர வைத்தியர்கள் 2017 இல் வெளியிட்ட இன்னொரு சம்பவத்தில், 47 வயதான ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. உள்ளே பார்த்தபோது கிடைத்தது ஒரு சிறிய பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள். ஏழாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த அது நாற்பது வருடம் அவருடைய நெஞ்சுக்குள் இருந்திருக்கிறது.

இவ்வாறான பொருட்களைச் சத்திரசிகிச்சை இன்றி எடுக்கும் வழி 1897 இல் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் திறந்தது. குஸ்தாவ் கில்லியன் என்ற வைத்தியர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாய்க்குள் நேரான குழாய் ஒன்றைச் செலுத்தி, அங்கே சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை எடுத்தார். பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செவாலியர் ஜக்சன் என்ற வைத்தியர் நோயாளர்களின் மூச்சுக்குழாய்களிலிருந்தும் உணவுக்குழாய்களிலிருந்தும் எடுத்த 2,374 பொருட்களைப் பாதுகாத்து வைத்தார். அவை இன்றும் அந்நகரின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வளைந்து செல்லும் மெல்லிய குழாயை 1960 களில் ஜப்பானிய வைத்தியர் ஷிகெட்டோ இகெடா உருவாக்கினார்.

இன்று புரொன்கோஸ்கொப்பி என்று அழைக்கப்படுவது இதுதான். நெஞ்சைப் பிளப்பார்கள் என்று எங்கள் வயதானவர்கள் பயப்படுகின்றனர். அப்படி அல்ல. பெரும்பாலும் தொண்டையை மரக்கச் செய்து, மூக்கு அல்லது வாய் வழியாகக் கமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு கவ்வியால் பொருளை எடுக்கின்றனர். இறுகிப்போன பொருட்களுக்கு முழு மயக்கம் கொடுத்து நேரான குழாயைப் பயன்படுத்துகின்றனர். நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது. வெலிசறையில் உள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலை இத்தகைய நோய்களுக்கான இலங்கையின் பிரதான அரச நிலையமாகும். யாரை எங்கே அனுப்புவது என்பதை உங்களைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிப்பார்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

விழுங்கும் செயலும் இருமலும் ஒழுங்காக நடக்க மூளை, நரம்பு, தசை மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும். பாரிசவாதம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், தூக்க மருந்து எடுப்பவர்கள், மதுபோதையில் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். எங்கள் மத்தியில் இவர்களோடு இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டும். தலையில் காயப்பட்டவர்கள், தாடை அல்லது கழுத்தில் காயப்பட்டவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இருமும் வலு குறைந்தவர்கள். இவர்களில் சிலருக்கு உணவு உள்ளே போனாலும் பலமான இருமல் வராது. வீட்டில் உணவு கொடுப்பவர்கள் அவர்களை நிமிர்த்தி இருத்தி, சிறு சிறு வாயாகக் கொடுத்து, முந்திய வாய் விழுங்கப்பட்டதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

முகத்தில் காயப்பட்டுப் பற்கள் தெறித்தவர்களுக்கு, காணாமல்போன பல் நெஞ்சுக்குள் போயிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது மருத்துவ நடைமுறை. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் உயிரைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்களில் பல்லை எண்ண யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அப்படிக் காயப்பட்ட ஒருவருக்கு இன்றும் இருமல் தொடருமானால் அந்தக் காயத்தின் கதையையும் வைத்தியரிடம் சொல்வது நல்லது.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

முதலில் ஒன்று. நீண்ட இருமலுக்குப் பெரியவர்களில் மூச்சுக்குழாய்ப் பொருள் ஓர் அரிதான காரணமே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் முதலில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம். அதன் பிறகும் இருமல் மாறாவிட்டால், அல்லது ஒரே பக்கத்தில் நியுமோனியா திரும்பத் திரும்ப வந்தால், மூச்சுக்குழாயில் ஏதாவது சிக்கியிருக்கலாமா என்று நீங்களே கேட்கலாம்.

வெளிநோயாளர் பிரிவில் ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர் இருப்பார். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். வைத்தியருக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரிந்திருக்கலாம், "புரைக்கேறினது" என்ற சொல் அவருக்குப் புரியாமல் போகலாம். "சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனது" என்று சொல்லுங்கள், தொண்டையைக் கையால் காட்டுங்கள். போகும் முன் வீட்டிலுள்ளவர்களிடம் கேட்டு, எப்போது புரைக்கேறியது, வாயில் என்ன இருந்தது, எவ்வளவு நேரம் இருமினீர்கள், இப்போதைய இருமல் எப்போது தொடங்கியது என்பனவற்றை ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். பல மாதங்களுக்கு முந்தியது என்றாலும் எழுதுங்கள். பழைய எக்ஸ்றே படங்களை எறிய வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிழல் விழுவது அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உடலில் செல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பப்பட்டால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் சில உலோகங்களை இழுக்கும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

புரைக்கேறியவர் சத்தமாக இருமுகிறார், கதைக்கிறார் என்றால் அவரை இருமவே விடுங்கள். தலையில் தட்டுவதால் பயனில்லை. சத்தம் வரவில்லை, கையால் கழுத்தைப் பிடிக்கிறார், முகம் நீலம் பாய்கிறது என்றால் வழி அடைபட்டுவிட்டது. தண்ணீர் பருக்க வேண்டாம். அவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாக அடியுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே முட்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுத்து அமுக்குங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அமுக்காமல் நெஞ்சின் நடுவில் அமுக்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகலாம். அருகில் இருக்கும் ஒருவரை 1990 இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள், சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். மயங்கி விழுந்து மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அமுக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

வயிற்றில் அமுக்கப்பட்டவரை, பொருள் வெளியே வந்திருந்தாலும் வைத்தியசாலையில் ஒருமுறை காட்டுங்கள். உள்ளே போனது முழுதாக வெளியே வந்ததா என்று தெரியாத ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். பாக்குச் சீவலில் பாதிதான் வெளியே வந்தது என்றால் மற்றப் பாதி எங்கே என்று கேட்பது வீட்டிலுள்ளவர்களின் பொறுப்பு.

வயதான பெற்றோர், மாமா, மாமி யாருக்காவது மாறாத இருமல் இருந்தால் இன்றைக்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இது தொடங்கும் முன் எப்போதாவது பலமாகப் புரைக்கேறினதா? அவர்களுக்கு அது சொல்லத் தகுந்த விடயமாகவே தோன்றியிருக்காது.